மாடி திரும்பும் இடம்

சென்ற வாரம் மிளகின் அம்மாவைச் சமையலறையில் அழவிட்டுவிட்டு வந்துவிட்டோம். கவலை வேண்டாம், அழுது முடித்துவிட்டாள். அழுகையை நீட்டி முழக்குகிற ஆள் இல்லை அவள். மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டிய கோரிக்கையை எழுதி முடித்த பிறகுதான் படுக்கப் போனாள்.

என்ன கோரிக்கை என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பில் இருக்கும் மிளகுக்கு வாசிப்பு வரவில்லை. மிளகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு. கதை சொல்ல விட்டால் நாள் முழுக்கச் சொல்வாள். வாய்க்கணக்கில் வகுப்பையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாயடைத்துப் போகிறாள். தனித்தனி எழுத்தாகக் காட்டினால் சொல்கிறாள், சேர்த்து ஒரு வார்த்தையாக்கச் சொன்னால் திருதிருவென்று முழிக்கிறாள்.

கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து முறைப்படி மதிப்பீடு செய்தால், இவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று தெரியும், தனி உதவியும் கிடைக்கும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். அதற்குப் பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும். பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியை பிள்ளையை நேரில் பார்த்து, ஆமாம், தேவைதான் என்று பரிந்துரைக்க வேண்டும். இல்லாவிட்டால் வருட முடிவில் தோழிகளெல்லாம் மேலே போக, மிளகு அதே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

மிளகின் அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பிள்ளையின் நெற்றியில் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயம். பயத்தை ஒத்துக்கொள்கிற ஆம்பளை எங்கே இருக்கிறான்? கோபமாக்கி வெளியே விட்டான்.

"எங்க அக்காவும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தா. இப்ப என்ன கெட்டுப்போச்சு? சொந்தமா கடை வெச்சிருக்கா. நாளைக்கு யார் யார் எப்ப வராங்கன்னு நோட்டே இல்லாம சொல்லுவா. அவள எந்த ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தாங்க?"

கடைசியில் அவன் இறங்கி வந்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். அந்த ஆசிரியை பார்த்துவிட்டுத் தேவையில்லை என்று சொல்லிவிட்டால், இந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே கூடாது. அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். அந்தச் சந்திப்பு இன்றைக்கு.

*

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அதனால் ஆரம்பத்தில் பழியைக் கண்மீதுதான் போட்டாள். ஒருநாள் கடை மூடுகிற நேரத்தில் மிளகை உயரமான நாற்காலியில் ஏற்றி, பெரியவர்களுக்கு மாட்டுகிற சோதனைச் சட்டத்தை அந்தச் சின்ன மூக்கில் நிறுத்தி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரைக்கும் மிளகு கடகடவென்று சொன்னாள்.

கண் மருத்துவரும் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார். வேறு தாயாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். கண்ணாடியோடு முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும். தன் கையாலேயே செய்து மாட்டிவிட்டிருப்பாள்.

இன்று காலையிலிருந்து அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் கண்ணாடியில் காதில் மாட்டும் பிடியை வளைப்பதற்காகச் சூடு காட்டியவள், எங்கோ பார்த்துக்கொண்டே நின்றதில் அது வெந்த முருங்கைக்காய் மாதிரி தொங்கிவிட்டது. முதலாளி அவரைச் சமாதானப்படுத்திப் புதுச் சட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"நீ முதல்ல பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்மா. கடையாவது மிஞ்சும்."

பள்ளி வாசலில் மிளகின் அப்பா கருவிப் பையோடு நின்றிருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். விரலிடுக்கில் கிரீஸ். சிறுவயதில் அவன் குடும்பம் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடி அவன் பார்த்ததே கிடையாதாம். அந்தக் கடுப்பில்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று புது ஆள் யாரைப் பார்த்தாலும் சொல்லுவான். கல்யாணமான புதிதில் அவளும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். இப்போதெல்லாம் அவன் வாயைத் திறக்கும்போதே அவள் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள்.

உள்ளே நடைவழிப் பெஞ்சில் அத்தையும் மிளகும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை என்றால் மிளகின் அப்பாவுக்கு அக்கா, அவன் சதா உதாரணம் காட்டுகிற அதே அக்கா. பெண்களுக்கான முடிதிருத்தும் கடை ஒன்றை இரண்டாவது மாடியில் நடத்துகிறாள். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வரும்வரை மிளகுக்கு மாலை நேர வீடு அதுதான். இன்று மிளகின் தலையை இழுத்து வாரி, எண்ணெய் மினுங்க இரட்டைப் பின்னல் போட்டுவிட்டிருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னால் நம்பலாம்.

"பயப்படாத. நல்லா பண்ணுவா" என்றாள் அத்தை, தம்பி மனைவியின் கையைப் பிடித்து அழுத்தி.

*

சிறப்புக் கல்வி ஆசிரியையின் அறையில் எல்லாமே குழந்தைகள் அளவு நாற்காலிகள். மிளகின் அப்பா உட்கார்ந்தபோது முழங்கால் மோவாய்க்கு வந்தது. ஆசிரியையின் கண்ணாடி ஒரு பக்கம் ஆணி கழன்று நூலால் கட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மிளகின் அம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு கோரிக்கையை நீட்டினாள்.

"என் மகள் சோம்பேறி இல்லை" என்று அது தொடங்கியது. ஆசிரியை அந்த வரியை இரண்டு முறை படித்தார் போலிருக்கிறது, கண் அங்கேயே நின்றது. பிறகு மிளகைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்னலை யார் போட்டது, மதியம் யாரோடு சாப்பிட்டாய் என்று பேச்சுக் கொடுத்தார். மிளகும் சளைக்காமல் பதில் சொன்னாள். கடைசியில், பாடப் புத்தகத்தில் பிடித்த பாடத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்.

மிளகு பக்கங்களைத் தள்ளினாள். ஆற்றங்கரையில் ஆமை நிற்கிற படம் வந்ததும் நிறுத்தினாள். விரலை வரியில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பத்தி போயிற்று. இரண்டாம் பத்தி போயிற்று. ஓர் இடத்திலும் தடங்கல் இல்லை.

மிளகின் அம்மாவுக்குக் காதை நம்ப முடியவில்லை. நேற்று இரவுகூட ஒரு பிஸ்கட் உறையில் இருந்த பெயரை வாசிக்க முடியாமல் திணறிய பிள்ளை இது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், எங்காவது தடுமாற மாட்டாளா என்று காத்திருந்தாள். இப்படி ஒரு தாயா என்று தன்மீதே வெறுப்பு வந்தது. கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் முகம் பூரித்துப் போயிருந்தது.

ஆசிரியை இன்னொரு பாடத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். பட்டம் செய்கிற பிள்ளைகளின் படம். மிளகு படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் வாசித்தாள்.

"காற்று வீசத் தொடங்கியதும் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்குஉஉ ஓடினார்கள்."

மைதானத்துக்கு என்ற இடத்தில் குரல் மேலே ஏறி, ஒரு மூச்சு நீண்டு, பிறகு இறங்கியது. அந்த இடத்தில் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. அடுத்த வரியிலும் பாதியில் அதே இழுப்பு. மிளகின் அப்பாவின் பூரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

*

அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். அவன் கண்டுபிடித்தது அது.

அவன் அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் காவல். மொட்டைமாடியில் ஒற்றை அறை வீடு. லிஃப்ட் ஓடாத அந்தக் கட்டடத்தில் பள்ளிக்கூடம் போக, தண்ணீர் கொண்டுவர, கடைக்குப் போக எல்லாவற்றுக்கும் படிகள்தான். அக்கா தேர்வில் தேறாமல் ஒரு வருடம் தங்கிப்போய் அவன் வகுப்புக்கே வந்து சேர்ந்தபோது, வீட்டில் அவளை யாரும் திட்டக்கூட இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அம்மா அவளுக்குக் கூட்டிப் பெருக்க மட்டும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அப்போது அவன் செய்த யோசனை அது. ஒரு படிக்கு ஒரு வார்த்தை. அவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏற, அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஏறுவாள். படிகள் முடிந்து மாடி திரும்பும் இடம் வந்ததும் மூச்சு வாங்கும். அங்கே நிற்கிற வார்த்தையை ஒரு இழு இழுத்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்ப வேண்டும். சுவரில் மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் அந்தத் திருப்பத்தில் மட்டும் விழும். அலுவலகம் விட்ட பிறகு கழுவிவிட்ட தரையின் வாசனை. இருவர் குரலும் கீழ்த்தளம்வரை போய் முட்டித் திரும்பி வரும். வேண்டுமென்றே இன்னும் நீளமாக இழுப்பார்கள். அக்கா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

அவ்வளவு சந்தோஷமாக அவன் பிறகு எப்போதாவது இருந்திருக்கிறானா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் அக்கா அதே ராகத்தில் ஒப்பித்துவிடுவாள். வாத்தியார் தலையாட்டுவார். எழுத்துத் தேர்வு வந்தபோது அந்த ராகம் உதவவில்லை. அவன் மேல் வகுப்புக்குப் போனான். அவள் மறுபடி தங்கினாள். அவனுக்கு வேறு பாடம், வேறு நண்பர்கள், விளையாட்டு. கொஞ்ச நாளில் அவள் ஒரு முடிதிருத்தும் கடைக்குத் தரை கூட்டப் போய்விட்டாள். அக்காவுக்குப் படிப்பில் இஷ்டமில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அவனும் அதையே இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறான்.

*

மிளகு வாசித்து முடித்துவிட்டு, அத்தையிடம் போகலாமா என்று கேட்டு ஓடிவிட்டாள். ஆசிரியை பேனாவை மூடி வைத்தார்.

தான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார். வயதுக்குத் தகுந்த வாசிப்பு இருக்கிறது, இந்த நிலையில் மதிப்பீடு வேண்டும் என்று பரிந்துரைத்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த வருடம் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். நல்ல மனுஷி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் மிளகின் அம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. பெற்ற பிள்ளைக்கு இல்லாத குறையைத் தேடுகிறவள் என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்னது போல இருந்தது. கோரிக்கையை எடுத்து இரண்டாக மடித்தாள். மறுபடி நாலாக மடித்தாள்.

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான் மிளகின் அப்பா. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவன் ஜெயித்தாயிற்று. வீட்டில் இனி இந்தப் பேச்சே இருக்காது.

"ஒரு நிமிஷம். இதோ வந்துடறேன்" என்று எழுந்து வெளியே போனான்.

பெஞ்சில் அத்தை காத்திருந்தாள். மிளகு கொஞ்சம் தள்ளித் தண்ணீர்க் குழாயில் விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தில் அப்படியொரு ஆவல்.

"எப்படி? பாஸா?"

"அக்கா, நம்ம மாடிப்படி ராகத்த அவளுக்குச் சொல்லிக்குடுத்தியா?"

"பின்ன? டெஸ்ட் வைக்கப் போறாங்கன்னு நீதானே அன்னைக்குக் கத்தின. டெஸ்டுன்னா பிள்ளைய தயார் பண்ணி அனுப்ப வேணாமா? தினமும் கடைக்கு ஏறும்போது ஒரு பாடம். புத்தகம் பூராவும் முடிச்சாச்சு." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அதுல ஃபெயிலாயிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்டா. அவளுக்கு அது வரக்கூடாது."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வேறொன்று உறைத்தது. புத்தகம் முழுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் யாராவது அதை முதலில் வாசித்திருக்க வேண்டும்.

"நீயே வாசிச்சுக் காட்டினியா?"

அத்தை தன் கைப்பையின் பிடியைத் திருகினாள். கடையில் உதவிக்கு இருக்கிற பெண் காலையில் வாசிப்பாள் என்றும், தான் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னாள்.

"அக்கா. உனக்கு இன்னுமா..."

"இன்னும் என்ன இன்னும். எப்பவுமேதான்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "நோட்டே இல்லாம எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கேன்னு ஊர் பூரா பெருமையா சொல்லிட்டு இருக்க. நோட்டு வெச்சா அத யாருடா படிக்கறது?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். இத்தனை வருடங்களில் பிறந்தநாளுக்கு அவன் எழுதிக் கொடுத்த வாழ்த்துகள், அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. பெரிய சாமர்த்தியசாலி என்று அவன் நினைத்த ஒவ்வொன்றும் அவள் ஒளிந்துகொண்ட இடமாக இருந்திருக்கிறது.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியும் சொல்லல. அப்புறம் சொல்ல நேரமே வரல" என்றாள் அத்தை. "கஷ்டமா ஒண்ணும் இல்ல. பழகிடுச்சு. தூக்கத்துல மட்டும் இன்னும் அந்த வாத்தியார் எழுப்பி விடுவார்."

*

அறைக்குள் திரும்பி வந்தவன் உட்காரவில்லை. அந்தக் குட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், என் பொண்ணு வாசிக்கல. மனப்பாடமா சொல்றா. அந்த ராகம் எனக்குத் தெரியும், நான் போட்டது. படத்த மறைச்சுட்டு நடுவுலேர்ந்து ஒரு வார்த்தைய காட்டுங்க. அவளால முடியாது."

முடியாது. இத்தனை வாரமாக மனைவி சொன்னதும் அவன் சொல்லவிடாமல் தடுத்ததும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னான். அவள் இதே பிள்ளையாகத்தான் இருந்தாள் என்றும், அவளை யாரும் வந்து பார்க்கவில்லை என்றும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று இன்றுவரை தான் நம்பியதாகவும் சொன்னான். மிளகின் அம்மா அவனையே பார்த்தபடி இருந்தாள். பிறகு நாலாக மடித்த கோரிக்கையைப் பிரித்து, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள்.

ஆசிரியை மிளகை மறுபடி கூப்பிட்டார். படத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஆமைப் பாடத்தின் நடுவில் ஒரு வார்த்தையைக் காட்டினார். மிளகு வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவன் அருகில் போய் மண்டியிட்டு அவள் தலையில் கை வைத்தான்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா கண்ணு. ஒண்ணும் ஆகாது."

"தெரியலப்பா" என்றாள் மிளகு. சொல்லிவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

பரிந்துரை எழுதியாகிவிட்டது. மிளகின் அம்மா அதை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் ஆசிரியையின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, நூலை அவிழ்த்துவிட்டு, கைப்பையில் இருந்த சின்னத் திருகாணியைப் போட்டு முடுக்கிக் கொடுத்தாள். நன்றி என்று வாயால் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

அலுவலகத்திலிருந்து வருகிறவர் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கட்டாயம் கேட்பார் என்றார் ஆசிரியை. அந்த அக்காவே நேரில் வந்து பேசினால் மிளகுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். வருவார்களா?

மூவரும் வெளியே வந்தார்கள்.

அத்தை நடைவழியின் கோடியில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளாகக் கவனித்துப் படிப்பது போல நின்றிருந்தாள். பார்ப்பவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெளியே அவள் கணவரின் வண்டி ஹாரன் கேட்டது, அவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

மிளகு ஓடிப்போய் அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இதுல என்ன போட்டிருக்கு?"

மிளகின் அப்பா பழக்கதோஷத்தில், பின்னால் இருந்தபடியே அதை வாசித்துக் காட்ட வாயெடுத்தான். மனைவி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அத்தை குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலடி தங்கம். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது."

"எனக்கும்தான்" என்றாள் மிளகு.

ஹாரன் மறுபடி அடித்தது. அத்தை நகரவில்லை.